செவ்வாய்க்கிழமைச் செண்டர்: யாழ்ப்பாணத்தில் ஒரு கடன் அறவீட்டு உத்தியோகத்தரின் பணிச்சோர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஆம் ஆண்டின் முற்பகுதியில் என்னிடம் உளவளத்துணைக்கு வந்த ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவருக்கு அப்போது 34 வயது. வலிகாமம் கிழக்கில் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் தன் பெற்றோரோடும் வாழ்ந்தவர். ஒரு நிதி நிறுவனத்தின் நுண்கடன் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்தவர். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அவரை இனங்காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் கதை அபூர்வமானது என்பதால் இதை எழுதவில்லை. அவரைப் போன்றவர்கள் மோட்டார் சைக்கிளில் நம் ஒழுங்கைகளுக்குள் நாள்தோறும் வந்து போகிறார்கள் என்பதாலும், அவர்களுடைய களைப்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பதாலுமே எழுதுகிறேன்.

வந்த விதம்

அவர் உளவளத்துணை தேடி வரவில்லை. நெஞ்சு இடிக்கிறது என்று வைத்தியசாலைக்குப் போனவர். இதயத்துடிப்புப் பதிவில் குறை எதுவும் தெரியவில்லை. பல மாதங்களாக இருந்த வயிற்று எரிவுக்கு மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவர், நித்திரை எப்படி என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு வந்த பதிலின் பின்னர்தான் அவர் என்னிடம் அனுப்பப்பட்டார். தெல்லிப்பழைக்கு அனுப்பாமல் விட்டார்களே என்று தனக்கு நிம்மதியாக இருந்ததாக முதல் நாளிலேயே சொன்னார். அங்குள்ள மனநலப் பிரிவு எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அந்த ஊரின் பெயரே இன்றும் ஒரு பழிச்சொல்லாகப் பலரின் வாயில் வருவது வேதனைக்குரியது.

"மிஸ், எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை. வேலைதான் ஏலாமல் கிடக்கு" என்றுதான் தொடங்கினார். நெஞ்சு இடித்த அந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்டபோது நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சொன்னார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. வடமராட்சியில், கடற்கரையை அண்டிய ஒரு கிராமத்தில், ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் கூடும் செண்டர் அது. குழுக்கடன் எடுத்த பெண்கள் கிழமைக்கொருமுறை அங்கே ஒன்றுகூடித் தவணைப் பணத்தைக் கொடுப்பார்கள். ஒருவர் கொடுக்கத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அன்று ஒரு வயதான அம்மா, தொழிலுக்குப் போக மண்ணெண்ணெய் இல்லாமல் மகனின் படகு கரையிலேயே கிடக்கிறது, அடுத்த கிழமை சேர்த்துத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். "ஒவ்வொரு கிழமையும் இதே கதைதானே, உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் இவர் கத்திவிட்டார். அந்த அம்மா சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த தாள்களையும் சில்லறையையும் எண்ணி வைத்தார். தவணையில் பாதிகூட இல்லை. பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்து இவர் முன்னால் வைத்து, "தம்பி, விடிய ஏதும் சாப்பிட்டனீங்களே?" என்று கேட்டார். இவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தவருக்குத் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது, கைகள் நடுங்கின, அரை மணித்தியாலத்திற்கு மேலாக அங்கேயே இருந்தார்.

"நான் அப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை, மிஸ். என்ர அம்மான்ர வயசு அவவுக்கு" என்று சொல்லி அழுதார்.

பெயர் வைத்தல்

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டு 2022 தை மாதம் முதல் நடைமுறைக்கு வந்த 11 ஆவது சர்வதேச நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல் தொழிலோடு தொடர்புடைய ஒரு நிலையாகவே வரையறுக்கிறது. வேலைத்தலத்தில் நீண்டகாலம் தொடர்ந்து, உரியபடி கையாளப்படாத அழுத்தத்தின் விளைவாக அது மூன்று முகங்களோடு வெளிப்படும் என்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்புக் கொள்ளுதல், தொழில் திறன் குன்றுதல். இந்த மூன்றையும் நான் அவருக்கு விளக்கத் தேவை ஏற்படவில்லை. நம் ஊர்ப் பேச்சில் மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் இரண்டு சந்திப்புகளுக்குள் மூன்றையும் அவரே சொல்லிவிட்டார். "ஏலாமல் கிடக்கு" என்பது முதலாவது. "வெறுத்துப் போச்சு" என்பது இரண்டாவது. "என்ன செய்தாலும் ஒண்டும் சரிவருகுதில்லை" என்பது மூன்றாவது. தாழ்வாரத்தில் அவர் கத்தியது அந்த இரண்டாவது முகம். அதைத் தன் குணம் கெட்டுவிட்டதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். நீண்ட களைப்பின் அடையாளமாக அதைப் பார்க்க அவருக்குச் சில கிழமைகள் பிடித்தன.

மனச்சோர்வு நோயா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வரும். ஒன்றை மற்றொன்றென்று கொண்டால் தவறான உதவியே போய்ச்சேரும். மகளோடு விளையாடும்போதும், ஞாயிறு காலை தோட்டத்தில் தந்தைக்குத் துணையாக நிற்கும்போதும் அவருக்குச் சந்தோஷம் வந்தது. ஞாயிறு பின்னேரம் ஆனதும் அது வடிந்துவிடும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று நேரடியாகக் கேட்டேன். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. "லொறி ஒண்டு அடிச்சா ரெண்டு மாதம் லீவு கிடைக்கும் எண்டு நினைச்சிருக்கிறன், சாகவேணும் எண்டு நினைக்கேல்லை" என்றார். அந்தப் பதிலை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அவருடைய கைபேசியில் பதிந்தோம்; மனைவிக்கும் கொடுத்தோம்; மருத்துவரோடும் தொடர்பில் இருந்தோம்.

அந்த வேலை எப்படிப்பட்டது

2009 இல் போர் முடிந்து பாதைகள் திறந்தபின் வடக்கிற்கு வந்த நிதி நிறுவனங்கள் கொடுத்த கிழமைக் கடன்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது நாடறிந்த துயரமானது. கடன் வாங்கியவர் பக்கம் நின்று அதைப் பேசியது நியாயமே. ஆனால் அந்தக் கதையில் தலைக்கவசத்தோடு படலையில் வந்து நிற்கும் ஆள் எப்போதும் வில்லனாகவே வந்து போனார். அவரும் அதே ஊர்களில் பிறந்து, அதே போருக்குள் வளர்ந்து, உயர்தரம் முடித்து, கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்ட பிள்ளை என்பது பேசப்படவில்லை.

இவர் வேலையில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் அதை விரும்பியே செய்திருக்கிறார். தையல் இயந்திரம் வாங்கிய ஒரு பெண், பின்னாளில் ஒரு தீபாவளிக்குத் தானே தைத்த சட்டையொன்றை இவருடைய மகளுக்குக் கொடுத்ததை இன்றும் பெருமையோடு சொல்வார். 1974 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றியவர்களைப் பற்றி எழுதிய உளவியலாளர் ஹேர்பேர்ட் ஃபிராய்டன்பேர்கர், அதிக ஈடுபாட்டோடு தொடங்குபவர்களே இலகுவில் எரிந்து தீர்ந்துபோகிறார்கள் என்று கவனித்திருந்தார். எனக்கு இவருடைய கதையில் அதுவே தெரிந்தது.

பிறகு நிலைமை மாறியது. 2021 இல் இரசாயன உரத்திற்கு வந்த தடை வெங்காயம் செய்தவர்களை அடித்தது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. வடமராட்சியின் சிறிய மீன்பிடிப் படகுகளுக்கும் தோட்டங்களின் நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் அதுதான் எரிபொருள். அவ்வாண்டு புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. கடனைக் கட்டுவோரின் கை வறண்டது. அறவிட வேண்டிய இலக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அவருடைய ஒரு நாளை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காலை 6.30 க்கு வீட்டிலிருந்து புறப்பாடு. மதியத்திற்குள் ஐந்து செண்டர்கள். பணத்தைக் கிளையில் கட்டிவிட்டு, பின்னேரம் நிலுவைக்காரரின் வீடுகள். இரவு 7.30 அல்லது 8 மணிக்குத்தான் கிளையை விட்டு வெளிக்கிடலாம். இவ்வளவோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்றார். கிளையின் வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒவ்வொருவரும் அறவிட்ட தொகையைப் போட வேண்டும். இரவு பத்து மணியளவில் கிளை முகாமையாளரின் குரல் பதிவு வரும். அன்று குறைவாக அறவிட்டவரின் பெயர் அதில் சொல்லப்படும். அந்தச் செய்தி வரும் ஒலியைக் கேட்டாலே வயிறு எரியத் தொடங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மேசையில் கிடந்த என்னுடைய தொலைபேசியில் அதே ஒலி வந்தது. அவருடைய கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனதைக் கண்டேன். அடுத்த சந்திப்பிலிருந்து என் தொலைபேசியை வெளியே வைத்துவிட்டே உட்கார்ந்தேன்.

வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ரொபேர்ட் கராசெக் 1979 இல் முன்வைத்த விளக்கப்படி, வேலை கேட்பது மிகுதியாகவும் அதன்மீது ஊழியருக்குள்ள கட்டுப்பாடு குறைவாகவும் இருக்கும் இடத்திலேயே அழுத்தம் உச்சமடைகிறது. இவருக்கு இலக்கைத் தீர்மானிக்கும் உரிமையில்லை. தவணையைத் தள்ளிக்கொடுக்கும் அதிகாரமில்லை. எந்தச் செண்டருக்கு எப்போது போவது என்பதும் அவர் கையில் இல்லை. இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. தொழிலில் உணர்வை வேடமாகப் போடுவதைப் பற்றி 1983 இல் எழுதிய சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட், சிரித்த முகத்தை விற்கும் விமானப் பணிப்பெண்களோடு, கடுமுகத்தை விற்கும் கடன் அறவீட்டாளர்களையும் சேர்த்தே ஆராய்ந்தார். உள்ளே இரங்கிக்கொண்டு வெளியே உறுக்கிக்கொண்டிருப்பதற்கு ஆகும் செலவு எந்தச் சம்பளச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

அவர் ஏற்கெனவே கைக்கொண்ட வழிகள்

உதவி தேடி வருபவர் அதுவரை ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்று நினைப்பது பெரும் பிழை. இவர் தன்னால் இயன்றதெல்லாம் செய்திருந்தார். மதியச் சாப்பாட்டைத் தவிர்த்து நேரத்தை மிச்சப்படுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் செல்வச்சந்நிதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, ஆற்றங்கரையில் சிறிது நேரம் இருந்துவிட்டு வந்தார். சனிக்கிழமை இரவில் கால் போத்தல் சாராயம் என்பது 2022 இன் இறுதியில் கிழமையில் மூன்று நாள் என்றாகியது. வீட்டில் பேச்சைக் குறைத்தார். நெல்லியடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சக உத்தியோகத்தர் ஒருவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து மனதிலுள்ளதைக் கொட்டினார்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது கைக்காசு போட்டதுதான். நிலுவை தன் பெயரில் ஏறாமல் இருக்க, தவணை கட்ட முடியாதவர்களுக்காகத் தன் பணத்தைப் போட்டுக் கணக்கை நேராக்கியிருக்கிறார். அடுத்த கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கியது அது. சில இடங்களில் பணம் திரும்பி வந்தது, பல இடங்களில் வரவில்லை. பதின்மூன்று மாதங்களில் அவருடைய சம்பளத்தில் கணிசமான பகுதி இப்படிப் போனது; அதை ஈடுகட்ட மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. மனைவியிடம் சங்கிலியை அறுந்த இடத்தில் ஒட்டக் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

உளவியலாளர்களான லாசரஸும் ஃபோக்மனும் 1984 இல், அழுத்தத்தை எதிர்கொள்ளும் வழிகளைப் பிரச்சினையை நேராக மாற்ற முனைபவை என்றும், அதனால் எழும் உணர்வைத் தணிப்பவை என்றும் வகுத்தார்கள். அந்த வகுப்பின் மேற்பரப்பை மட்டும் பார்த்தால், கைக்காசு போட்டது பிரச்சினையைத் தீர்த்த செயலாகவும், சந்நிதியில் போய் இருந்தது தப்பித்தலாகவும் தோன்றும். இந்த மனிதரின் வாழ்வில் நடந்தது நேர்மாறானது. கைக்காசு, அலுவலகத்தின் பிரச்சினையை வீட்டு அலுமாரிக்குள் கொண்டுவந்து வைத்தது. போதாததற்கு, நிலுவை இல்லாத நல்ல அறவீட்டு வழித்தடம் என்று மேலிடத்தை நம்ப வைத்து இலக்கை இன்னும் உயர்த்தவும் செய்தது. ஆற்றங்கரையில் இருந்த அந்த முக்கால் மணித்தியாலம் ஒன்றையும் மாற்றவில்லை. ஆனால் அவரை அடுத்த கிழமை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

என்ன செய்தோம்

நான் தொடங்கிய இடம் பிழை. முதல் மூன்று கிழமைகள் மூச்சுப் பயிற்சியும் தசைத் தளர்வும் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒழுங்காகச் செய்தார். நித்திரையும் சிறிது கூடியது. நான்காம் கிழமை, "மூச்சு நல்லா வருது மிஸ், கலெக்ஷன்தான் வருதில்லை" என்றார். வேடிக்கைக்காக அவர் அதைச் சொல்லவில்லை. வேலையைத் தொடாமல் ஆளை மட்டும் திருத்த முயன்றுகொண்டிருக்கிறேன் என்பதை அந்த வார்த்தையே எனக்கு உணர்த்தியது.

அதன்பின் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, இரண்டு கிழமைகளுக்கு, எந்த நேரத்தில் எது இறுக்கியது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். வேலை முழுவதுமே வெறுத்துவிட்டது என்று நம்பியிருந்தவருக்கு அந்தக் கொப்பி வேறொன்றைக் காட்டியது. எழுதப்பட்ட வரிகளில் பெரும்பகுதி இரண்டு இடங்களில் குவிந்திருந்தன: இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட தொலைபேசி, மற்றது செவ்வாய்க்கிழமைச் செண்டர். வியாழக்கிழமைச் செண்டர்கள் இரண்டில் அவருக்கு ஒரு தொல்லையும் இருக்கவில்லை; ஒரு வரியில் "இண்டைக்கு நல்லாப் போச்சு" என்றுகூட எழுதியிருந்தார். தன் கையெழுத்தையே அவர் மீண்டும் மீண்டும் வாசித்தார்.

அடுத்தது சங்கிலி. அதை நான் சொல்ல முடியாது. அவரே சொல்ல வேண்டும். ஐந்தாவது மாதத்தில் மனைவியை அழைத்து வந்தார். சொல்லி முடிக்க இருபது நிமிடம் எடுத்தது. மனைவி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். "சங்கிலி போனது எனக்குப் பெரிசில்லை. நீங்கள் வீட்டில இருந்தும் இல்லாத மாதிரி இருந்தீங்களே, அந்த ஒரு வரிசம்தான் பெரிசு" என்றார் அவர். அன்று முதல் கைக்காசு நின்றது. முதல் மாதத்தில் நிலுவைத் தாள் உள்ளபடியே மேலே போனபோது முகாமையாளரிடம் கடுமையாகப் பேச்சு வாங்கினார்; அதற்கு அவர் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தார்.

முகாமையாளரோடு பேசுவதை மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். கேட்டவை நான்கு: செவ்வாய்க்கிழமைச் செண்டரை மூன்று மாதத்திற்குச் சக உத்தியோகத்தரோடு மாற்றிக்கொள்வது, இரவு எட்டு மணிக்குப் பின் குரல் பதிவு வராமல் இருப்பது, வருடாந்த விடுமுறை, உள்ளபடியான நிலுவையைப் பார்த்து இலக்கைத் திருத்துவது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி அவருக்கு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை உண்டு, அதில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்கலாம் என்பது ஏழு ஆண்டுகள் வேலை செய்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம் என்ற சாதாரண வேலை நேர வரம்பும் அப்படித்தான். முகாமையாளர் முதலாவதற்கு உடன்பட்டார். இரண்டாவதை மாத முடிவு தவிர்ந்த நாட்களுக்கு ஒப்புக்கொண்டார். விடுமுறை கொடுத்தார். இலக்கைத் தொட முடியாது என்றார். அது தனக்கு மேலிருந்து வருகிறது என்றும், தானும் நித்திரைக் குளிசை போடுவதாகவும் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஏழு நாளில் அவர் எங்கும் போகவில்லை. கைபேசியின் சிம்மைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, தந்தையோடு சேர்ந்து வீட்டு வேலியை அடைத்தார். பழைய கிடுகைப் பிரித்து, உக்கிய கதியாலை மாற்றி, ஒரு பக்கத்தில் தந்தை குத்தூசியை விட மறுபக்கத்தில் இவர் கயிற்றை வாங்கி இறுக்கிக் கட்டுவது. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சரிந்தவர் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் எழுந்தார். வேலையிலிருந்து உடம்பு விலகினால் போதாது, மனமும் விலக வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். கைக்கு ஒரு வேலையும் எதிரே பேசாமல் நிற்கும் ஒரு தகப்பனும் இருந்தது அவருக்கு அதைச் செய்து கொடுத்தது.

பின்னர்

ஏழு மாதத்தில் நித்திரை ஆறு மணித்தியாலமாகியது. வயிற்று மருந்து நின்றது. சாராயம் சனிக்கிழமைக்குத் திரும்பியது; முற்றாக நிற்கவில்லை. சங்கிலி இன்னும் அடகில் இருந்தது. செவ்வாய்க்கிழமைச் செண்டருக்கு ஒருமுறை மட்டும், வேலையாக அல்லாமல், போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சம்பவமே பெரிதாக நினைவில்லாதது போல அந்த அம்மா நடந்துகொண்டாராம். இந்த முறை இவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தார்.

பத்தாவது மாதத்தில், அதே நிறுவனத்தின் அடகுப் பிரிவில் வெற்றிடம் வந்தபோது விண்ணப்பித்து மாறினார். சம்பளத்தில் ஊக்கத்தொகை குறைந்தது. இதை வெற்றி என்று எழுத எனக்கு முழு மனம் வரவில்லை. அவர் தேறினார், அந்த வழித்தடம் தேறவில்லை. அதே செண்டர்களும் அதே இலக்கும் 23 வயதான ஓர் இளைஞரிடம் கொடுக்கப்பட்டன.

சில மாதங்களின் பின் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நெல்லியடித் தேத்தண்ணிக் கடையில் அந்த இளைஞர் தன்னிடம் இரண்டாயிரம் ரூபா கைமாற்றுக் கேட்டதாகவும், எதற்கென்று கேட்காமலே தனக்கு விளங்கிவிட்டதாகவும் சொன்னார். பணம் கொடுக்கவில்லையாம். கடை மேசையிலேயே அறவீட்டுத் தாளை விரித்து, வராத தவணையை வரவில்லை என்றே எழுத வைத்திருக்கிறார். எழுதும்போது பெடியனின் கை நடுங்கியது என்றார்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரம் இருக்கோ மிஸ்? நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்று கேட்டார். குறித்துக்கொண்டேன்.